பரிந்துபேச ஆளிருந்த தீவு

சங்க இலக்கிய வகுப்பொன்றில் நெய்தல் திணைப் பாடல்களை நடத்திக்கொண்டிருந்தோம். அன்றைய பாடம் அகநானூற்றின் 160ஆம் பாட்டு. சூல் முதிர்ந்த ஆமை கடற்கரை மணலில் முட்டைகளை மறைத்துப் புதைத்துச் செல்வதையும், குஞ்சு வெளிவரும் வரையில் ஆண் ஆமை அவற்றைக் காத்துக் கிடப்பதையும் அப்பாட்டு தலைவனது நிலத்தின் காட்சியாகக் காட்டுகிறது. விளக்கி முடித்தபோது பின் வரிசையிலிருந்து மாணவர் ஒருவர் எழுந்தார். அவர் கடலோரச் சிற்றூர் ஒன்றைச் சார்ந்தவர்.

"ஐயா, பெண் ஆமை முட்டையிட்டு மணலைத் தள்ளி மூடிவிட்டுக் கடலுக்குப் போய்விடும். எங்கள் வாப்பா எத்தனையோ இரவு பார்த்திருக்கிறார். ஆண் ஆமை கரையேறிக் காவல் இருந்ததை யாரும் கண்டதில்லை" என்றார்.

வகுப்பு சிரித்தது. நாம் சிரிக்கவில்லை. விடை தெரியாதவன் சிரிப்பது முறையன்று. பின்னர்த் தேடிப் படித்தபோது மாணவர் சொன்னதே சரி என்று கண்டோம். மணலைத் தோண்டுவதும் மறைப்பதும் புலவர் கண்ணால் கண்டவை. காவலிருக்கும் கணவன் அவர் நெஞ்சில் கண்டவன். அகப்பாட்டுக்கு அவன் தேவைப்பட்டான், அதில் குற்றமில்லை. ஆனால் கண்டதையும் கருதியதையும் பிரித்தறிய வேண்டுமாயின், ஒருவர் கடற்கரையில் ஓரிரவு அன்று, பல்லாண்டுகள் தங்க வேண்டும். அப்படித் தங்குவதற்கென ஓரிடத்தை அமைப்பதையே அறிவியலார் கள ஆய்வு நிலையம் என்கின்றனர். இவ்வாறு தேடிப் படித்த வழியில் நமக்கு அறிமுகமானதுதான் அல்டாப்ரா என்னும் தீவு. தமிழ்த்துறை மலரில் ஒரு பவளத்தீவின் வரலாற்றை எழுதப் புகுந்ததற்கு அம்மாணவரே காரணம்.

இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பகுதியில், மடகாஸ்கருக்கு வடமேற்கே நானூறு கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட தொலைவில் அல்டாப்ரா அமைந்துள்ளது. சீஷெல்ஸ் நாட்டுக்கு உரியது. எனினும் அந்நாட்டின் தலைத்தீவாகிய மாஹேயிலிருந்து அதனை அடைய ஏறத்தாழ 1,100 கிலோமீட்டர் கடல் கடக்க வேண்டும். அதன் பெயர் அரபுச் சொல்லொன்றின் திரிபு என்றும், பசுமை எனப் பொருள்படும் 'அல் கத்ரா' என்பதே அதன் மூலமாகலாம் என்றும் கூறுவர். அரபு மாலுமிகள் ஆப்பிரிக்கக் கரைக்கும் நம் கரைக்கும் இடையே பருவக்காற்றைப் பற்றிக்கொண்டு சென்றுவந்த கடல்வழியை எண்ணினால் இது வியப்பன்று. வளையம் போன்ற இப்பவளத்திட்டு நான்கு பெரிய தீவுகளாகப் பிரிந்து ஒரு காயலைச் சூழ்ந்து நிற்கிறது. அந்நான்கனுள் ஒன்றின் பெயர் மலபார்! ஏனைய மூன்றும் கிராண்ட் டெர், பிக்கார்ட், பாலிம்னி என்பன.

நிலப்பரப்பு ஏறத்தாழ 155 சதுர கிலோமீட்டர். கடல் மட்டத்திலிருந்து எட்டு மீட்டருக்கு மேல் உயராத பழம்பவளப் பாறை. மழைநீர் அரித்து அரித்து அப்பாறை கத்தி முனைகளாகவும் குழிகளாகவும் ஆகிவிட்டது. செருப்பையும் கிழிக்கும் அதன்மேல் நடப்பது பெரும்பாடு. நன்னீர் அரிது. ஓதம் ஏறி இறங்கும்போது காயலின் நீரெல்லாம் குறுகிய வாய்க்கால்கள் வழியே ஆற்று வெள்ளம்போல் பாய்ந்து வெளியேறும். வற்றிய வேளையில் படகு செல்லாது. குடியேற வந்தவர்களை இத்தீவு விரட்டியடித்தது என்றே சொல்லலாம். அந்த விரட்டல்தான் அங்கிருந்த உயிர்களுக்கு நெடுங்காலம் வேலியாக இருந்தது.

அவ்வுயிர்களுள் தலையாயது நிலத்தில் வாழும் பேராமை. மொரீஷியஸ், ரீயூனியன், ரோட்ரிக்ஸ் ஆகிய தீவுகளிலும் முன்னாளில் பேராமைகள் திரிந்தன. நெடும்பயணக் கப்பல்களில் உணவும் நீருமின்றிப் பல மாதம் உயிரோடு கிடக்கும் இறைச்சியாக மாலுமிகள் அவற்றைக் கண்டனர். ஆயிரக்கணக்கில் அள்ளிச் சென்றனர். அம்மூன்று தீவுகளிலும் அவை அடியோடு அழிந்தன. அல்டாப்ராவில் மட்டும் எஞ்சின. அங்கும் மரம் வெட்டக் குத்தகை கேட்கப்பட்ட செய்தி எட்டியபோது, 1874ஆம் ஆண்டில் மொரீஷியஸ் ஆளுநருக்கு ஒரு விண்ணப்பம் சென்றது. கையொப்பமிட்டவர்களுள் சார்லஸ் டார்வின், ஜோசப் ஹூக்கர், ரிச்சர்ட் ஓவன் ஆகியோர் இருந்தனர். டார்வினும் ஓவனும் படிவளர்ச்சிக் கொள்கையில் எதிரெதிர் நின்றவர்கள். ஆமைக்காக ஒரே தாளில் கையொப்பமிட்டனர். உயிரினப் பாதுகாப்புக்காக எழுந்த தொடக்ககாலக் குரல்களுள் இது குறிப்பிடத்தக்கதாகும்.

எனினும் விண்ணப்பத்தால் ஒரு தீவு காப்பகமாகிவிடாது. அடுத்த தொண்ணூறு ஆண்டுகளும் அல்டாப்ரா குத்தகைத் தீவாகவே கிடந்தது. கொப்பரை, கடலாமை இறைச்சி, அலையாத்தி மரம், உப்புக்கண்ட மீன் என்று கைக்குக் கிடைத்ததெல்லாம் ஏற்றுமதியாயின. ஆடுகளைக் கொண்டுவந்து விட்டனர். எலியும் பூனையும் உடன் வந்தன. பக்கத்துத் தீவாகிய அஸம்ப்ஷனில் பறவை எச்ச உரத்துக்காக நிலமே தோண்டப்பட்டது. அல்டாப்ராவின் பாறையில் அந்த உரம் பெருமளவில் இல்லாமற் போனது நற்பேறு.

உண்மையான ஆபத்து 1960களில் வந்தது. 1965 நவம்பர் 8ஆம் நாள் பிரிட்டன் 'பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் ஆட்சிப்பகுதி' என்னும் புதியதோர் ஆட்சிப்பகுதியை ஏற்படுத்தியது. மொரீஷியசிடமிருந்து சாகோஸ் தீவுக்கூட்டமும், சீஷெல்சிடமிருந்து அல்டாப்ரா, ஃபார்குவார், டெரோஷ் ஆகிய தீவுகளும் பிரித்தெடுக்கப்பட்டு அதில் சேர்க்கப்பட்டன. நோக்கம் படைத்தளம் அமைப்பது. அல்டாப்ராவில் வானூர்தி ஓடுதளமும் துறைமுகமும் சாலையும் அமைக்கத் திட்டம் உருவாயிற்று. பிரிகேட் பறவைகள் பெருங்கூட்டமாகக் கூடுகட்டும் இடம் அது. இந்தியப் பெருங்கடலில் அதனினும் பெரிய கூட்டம் வேறெங்கும் இல்லை. அகன்ற சிறகுடைய அப்பறவைகளும் போர் வானூர்திகளும் ஒரே வானத்தில் பறக்க இயலா. எதை அகற்றுவார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் புவியியலாளர் டேவிட் ஸ்டோடார்ட் 1966இல் அரசின் அளவைக் குழுவுடன் தீவுக்குச் சென்றார். திரும்பியதும், கெட்டுவிட்டால் மீண்டும் ஆக்க முடியாத இடம் இது என்று அறிவியலாரிடம் எடுத்துரைத்தார். பிரிட்டனின் ராயல் சொசைட்டி எழுந்து நின்றது. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனமும் தேசிய அறிவியல் கழகமும் துணை நின்றன. நாடாளுமன்றத்தில் டாம் டியெல் என்ற உறுப்பினர் வினாமேல் வினாவாகத் தொடுத்தார். அவர் ஆளுங்கட்சியைச் சேர்ந்தவர் என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். தம் கட்சி அமைச்சரையே ஆமைக்காகவும் பறவைக்காகவும் தொல்லைப்படுத்திக்கொண்டிருந்தார். இதற்கிடையே, 1967ஆம் ஆண்டிலேயே ராயல் சொசைட்டியின் ஆய்வுப் பயணக்குழு தீவில் இறங்கிவிட்டது. அழியப்போகும் தீவாயின் அழியுமுன் எழுதி வைப்போம் என்பது அவர்களுடைய எண்ணம்.

பின் நடந்தது கதைபோன்றது. 1967 நவம்பர் 18ஆம் நாள் பிரிட்டன் தன் பவுண்டு நாணயத்தின் மதிப்பை 2.80 டாலரிலிருந்து 2.40 டாலராகக் குறைத்தது. செலவுகளை வெட்ட வேண்டிய நெருக்கடி. அடுத்த சில நாட்களில் அல்டாப்ராத் தளம் கைவிடப்பட்டதாக அறிவித்தனர். ஆகவே தீவைக் காத்தவர் அறிஞரா, கருவூலமா என்று கேட்டால், கருவூலம் என்று சொல்வதே நேர்மை. அறிஞர்கள் வென்றார்கள் என்று எழுதும் நூல்கள் இதனை மெல்லக் கடந்துவிடுகின்றன. ஆனால் காசில்லாமல் கைவிடப்பட்ட திட்டம், காசு வந்ததும் திரும்ப எடுக்கப்படும். அவ்வாறு எடுக்க முடியாதபடி செய்ததுதான் அறிஞர்களின் பணி. அதன் பெயர் ஆய்வு நிலையம்.

பயணக்குழு ஊர் திரும்பியதோடு அவர்கள் நின்றுவிடவில்லை. தீவின் குத்தகையை ராயல் சொசைட்டியே ஏற்றுக்கொண்டது. பிக்கார்ட் தீவின் மேற்குக் கரையில், பழைய குத்தகைக் குடியிருப்புக்கு அருகே, 1971ஆம் ஆண்டில் நிலையம் இயங்கத் தொடங்கியது. ஆள் இருக்கும் தீவை வெறுந்தீவு என்று எவரும் வரைபடத்தில் எழுத முடியாது. நாள்தோறும் மழையளக்கும் ஒருவர், காலைதோறும் மணலில் ஆமைத்தடம் எண்ணும் ஒருவர், அவற்றைப் பதிவேட்டில் எழுதும் ஒருவர் என்று சிலர் இருந்தால் போதும். அந்தப் பதிவேடே அத்தீவின் உரிமைப் பத்திரம் ஆகிவிடுகிறது.

பதிவேட்டின் பயனுக்குக் கடலாமையே சான்று. பச்சைக் கடலாமை முட்டையிடும் பருவத்தை எய்தப் பல பத்தாண்டுகள் ஆகும். இன்று கொல்வதை நிறுத்தினாலும், அதனால் விளைந்த நன்மை கரையில் தெரிய ஒரு தலைமுறை கழியும். இரண்டாண்டு ஆய்வு செய்து பட்டம் வாங்குவோர்க்கு இது அகப்படாது, எம்.பில். பட்டத்தோடு நின்றுவிட்ட நாமும் அவ்வரிசையினரே. அல்டாப்ராவில் 1968 முதல் 2008 வரையில் திரண்ட கணக்குகளை ஒப்பிட்டபோதுதான், முன்பு மிகுதியாக வேட்டையாடப்பட்ட குடியிருப்புக் கடற்கரையில் ஆமைக்கூடுகள் பல மடங்கு பெருகியிருப்பது தெளிவாயிற்று. பேராமைகளோ இன்று ஏறத்தாழ ஓர் இலட்சம் என மதிக்கப்படுகின்றன. உலகில் வேறெங்கும் நிலப்பேராமைகள் இத்துணைத் திரளாக இல்லை. அவை மேய்ந்து மேய்ந்து அங்குள்ள புற்களே தரையோடு தரையாகக் குட்டையாகிவிட்டன என்பர். நடுப்பகலுக்குள் நிழலுக்குச் சென்று சேராத ஆமை வெயிலில் வெந்து மாளும். ஆதலால் மேய்ச்சலும் மரநிழலும் அடுத்தடுத்து இருக்க வேண்டும். நிழல் மரத்தை ஆடு தின்றுவிட்டால் ஆமையும் போயிற்று. ஆட்டை ஒழிக்கும் முயற்சி பல பத்தாண்டுகள் நீண்டு 2012இல்தான் முடிந்தது.

எல்லாம் வெற்றி என்று சொல்லிவிட முடியாது. 1967இல் வந்த பயணக்குழு அதுவரை எவரும் அறியாத சிறு கதிர்க்குருவி இனம் ஒன்றை அங்கே கண்டறிந்தது. உலகில் அத்தீவில் மட்டுமே இருந்த பறவை. 1983க்குப் பின் அது எவர் கண்ணிலும் படவில்லை. நிலையம் இருந்தும், காவல் இருந்தும், அக்குருவி போய்விட்டது. நிலையம் இல்லாதிருந்தால் அப்படியொரு குருவி இருந்ததும் போனதும் எவர்க்கும் தெரிந்திராது.

மற்றொரு பறவையின் கதை இதற்கு நேர்மாறானது. நம் ஊர்க் கானாங்கோழியின் உறவினமான வெண்கழுத்துக் கோழியொன்று அல்டாப்ராவில் பறக்க மறந்து நடந்து திரிகிறது. இந்தியப் பெருங்கடல் தீவுகளில் எஞ்சியுள்ள பறவாப் பறவை அது ஒன்றே. ஏறத்தாழ 1,36,000 ஆண்டுகளுக்கு முன் தீவு முழுவதும் கடலில் மூழ்கியது. அதற்கு முன்னரும் அங்கே பறவாக் கோழி இருந்தது, அது அழிந்தது. தீவு மீண்டும் எழுந்தபின், மடகாஸ்கரிலிருந்து அதே இனம் பறந்துவந்து மீண்டும் பறக்க மறந்தது. புதைபடிவ எலும்புகளைக் கொண்டு 2019இல் வெளியான ஆய்வு இதனைக் காட்டியது. ஓடுதளத்தின் கீழ்ப் புதைந்திருந்தால் இந்த ஏடு படிக்கப்படாமலே போயிருக்கும்.

1976இல் சீஷெல்ஸ் விடுதலை பெற்றபோது அல்டாப்ரா அந்நாட்டிற்குத் திரும்பியது. 1979இல் சீஷெல்ஸ் தீவுகள் அறக்கட்டளை நிறுவப்பட்டு, ராயல் சொசைட்டியிடமிருந்து நிலையப் பொறுப்பை ஏற்றது. 1981இல் சட்டப்படி சிறப்புக் காப்பகமாகவும், 1982இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாகவும் தீவு அறிவிக்கப்பட்டது. அயலார் தொடங்கிய நிலையத்தை உள்நாட்டார் ஏற்று நடத்துவது எளிதன்று. செலவுக்கு வழி வேண்டும். அதே அறக்கட்டளை பராலின் தீவில் வாலே த மே என்னும் பனைக்காட்டையும் பேணுகிறது. அங்கு விளைவதே இரட்டைத் தேங்காய் எனப்படும் கடல்தேங்காய். கடலில் மிதந்துவந்த அதன் ஓட்டைத்தான் அக்காலப் பக்கீர்கள் கப்பரையாக ஏந்தினர். இன்று அக்காட்டைக் காண வரும் சுற்றுலாப் பயணிகள் செலுத்தும் நுழைவுக் கட்டணம் அல்டாப்ரா நிலையத்தைத் தாங்க உதவுகிறது. பக்கீரின் கப்பரை பேராமைக்கும் பிச்சை இடுகிறது என்று சொன்னால் பெரியோர்கள் பொறுத்தருள வேண்டும்.

இவ்வளவில் கட்டுரையை முடித்திருந்தால் மனநிறைவோடு முடித்திருக்கலாம். ஆனால் 1965இல் பிரித்தெடுக்கப்பட்ட தீவுகளுள் அல்டாப்ரா ஒன்று மட்டுமே. சாகோஸ் தீவுக்கூட்டத்தின் டீகோ கார்சியா மற்றொன்று. அங்கு ஆமைகளைவிட எளிதில் கண்ணுக்குத் தெரியும் உயிர்கள் இருந்தனர், மனிதர்கள். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களும் இந்தியாவிலிருந்து கூலிகளாக வந்தவர்களும் தலைமுறை தலைமுறையாகத் தென்னந்தோப்புகளில் உழைத்து, தமக்கென மொழியும் பாட்டும் உணவும் அமைத்துக்கொண்டு ஒரு மக்களாகியிருந்தனர். 1966 டிசம்பரில் பிரிட்டனும் அமெரிக்காவும் ஒப்பந்தம் செய்துகொண்டன. 1968 முதல் 1973 வரையில் 1,500 முதல் 2,000 பேர் வரை மொரீஷியசுக்கும் சீஷெல்சுக்கும் அப்புறப்படுத்தப்பட்டனர். அவர்கள் வளர்த்த நாய்கள் கொல்லப்பட்டன.

1966 ஆகஸ்டில் பிரிட்டிஷ் வெளியுறவு அலுவலகத்தில் எழுதப்பட்ட குறிப்பொன்று பின்னாளில் வெளிவந்தது. அத்தீவுகளில் கடற்பறவைகளைத் தவிர வேறு குடிகள் இருக்கப் போவதில்லை. அப்பறவைகளுக்கோ இன்னும் குழுவொன்று அமையவில்லை என்று உயர் அதிகாரி ஒருவர் அதில் நகையாடியிருந்தார். அவர் நகையாடிய அதே காலத்தில் அல்டாப்ராவின் பறவைகளுக்கு ராயல் சொசைட்டி என்னும் குழு அமைந்துவிட்டது. டீகோ கார்சியாவின் மனிதர்களுக்குத்தான் அமையவில்லை.

அல்டாப்ராவைக் காத்ததால்தான் டீகோ கார்சியா பறிபோயிற்று என்று சிலர் எழுதுவர். அது வரலாற்றுக்குப் பொருந்தாது. டீகோ கார்சியாமீது அமெரிக்கக் கடற்படை முன்பே கண்வைத்திருந்தது. ஆமைகள்மீது பழிபோட வேண்டியதில்லை. நம்மை உறுத்துவது வேறு. காப்பகம் என்ற சொல்லே பின்னர் அம்மக்களுக்கு எதிராகப் பயன்பட்டது. 2010 ஏப்ரல் 1ஆம் நாள் சாகோஸ் கடலில் ஆறு இலட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட பரப்பைப் பாதுகாக்கப்பட்ட கடற்பகுதி எனப் பிரிட்டன் அறிவித்து மீன்பிடித்தலைத் தடைசெய்தது. படைத்தளம் அதற்கு விலக்கு. முன்னாள் குடிகள் திரும்பி வருவதற்கு இது தடையாக அமையும் என்று பிரிட்டிஷ் அதிகாரி ஒருவர் அமெரிக்கத் தூதரகத்தாரிடம் கூறிய செய்தி அவ்வாண்டின் இறுதியில் விக்கிலீக்ஸ் ஆவணத்தால் வெளிப்பட்டது. மொரீஷியசின் உரிமைகளை மதியாமல் செய்யப்பட்ட அவ்வறிவிப்பு கடற்சட்டத்துக்கு முரணானது என்று 2015இல் பன்னாட்டு நடுவர் மன்றம் தீர்ப்பளித்தது.

இரண்டும் பவளத்தீவுகள்; இரண்டும் காப்பகம் எனப் பெயர் பெற்றவை. ஒன்றில் ஆய்வாளர் தங்கிப் பதிவேடு எழுதுவதற்காகக் காப்பகம் வந்தது. மற்றொன்றில் மக்கள் மீளாதிருக்க வேண்டும் என்ற எண்ணமும் உடன் வந்தது. ஒரு காப்பகம் அறிவிக்கப்படும்போது எத்தனை உயிரினங்கள் என்று கேட்பதோடு, நேற்றுவரை அங்கே யார் வலைவீசினார்கள் என்றும் நம் மாணவர்கள் கேட்கப் பழக வேண்டும். நம் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாயின. அக்கரையில் கடற்பாசி எடுத்துப் பிழைத்த பெண்களுக்கும் காவல் விதிகளுக்கும் இடையே எழுந்த வழக்குகளை இம்மலரைப் படிக்கும் கடலோரக் குடும்பத்தினர் நம்மைவிட நன்கு அறிவர்.

பன்னாட்டு நீதிமன்றம் 2019 பிப்ரவரி 25ஆம் நாள், சாகோஸ் தீவுகளை மொரீஷியசிடமிருந்து பிரித்தது முறையன்று எனக் கருத்துரை வழங்கியது. 2025 மே 22ஆம் நாள் பிரிட்டனும் மொரீஷியசும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அதன்படி ஆட்சியுரிமை மொரீஷியசுக்கு. டீகோ கார்சியாத் தளம் 99 ஆண்டுக் குத்தகைக்கு. பிற தீவுகளில் மக்களை மீண்டும் குடியமர்த்த மொரீஷியசுக்கு உரிமை உண்டு; டீகோ கார்சியாவில் மட்டும் இல்லை.

அந்த டீகோ கார்சியாவில் 2021 அக்டோபரில் ஒரு படகு வந்து நின்றது. அதில் இருந்தவர்கள் புகலிடம் தேடிப் புறப்பட்ட இலங்கைத் தமிழர்கள். கம்பிவேலிக்குள் கூடாரங்களில் மூன்றாண்டுகளுக்கு மேல் அவர்கள் வைக்கப்பட்டிருந்து, 2024 டிசம்பரில் பெரும்பாலோர் பிரிட்டனுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அத்தீவின் கடற்கரையிலும் பச்சைக் கடலாமைகள் கரையேறி முட்டையிடுகின்றன. அவற்றின் தடங்களை எண்ணுவதற்கும் ஆள் இருக்கிறார்கள்.